கழுநீர் வேண்டாத செடி

கோரிமேட்டுப் பக்கம் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனபோதுதான் அதை முதலில் பார்த்தேன். கல்யாணமாகி இரண்டாம் வருஷம். பிரெஞ்சுக்காரர்கள் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கார்த்திகை மழை விட்டும் செம்மண் தரை ஊறிக்கொண்டே இருந்தது. தரையோடு தரையாக என்னவோ மின்னியது. ரூபாய்க்காசு அளவில் சிவப்பாக மூன்று செடிகள். இலையெல்லாம் முடி, முடிக்கு முடி நுனியில் ஒரு சொட்டு. பனி என்று நினைத்தேன். உச்சிவெயிலில் பனி ஏது? தொட்டால் பசை மாதிரி இழுத்தது. ஒரு கொசு வந்து ஒட்டி, காலை உதறியது. பக்கத்து முடிகள் ஒவ்வொன்றாக அதன்மேல் சாய்ந்தன. சத்தமில்லை, அவசரமில்லை. நான் அரிவாளும் கையுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாவது வரை படித்தவள். எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு செடி வந்ததில்லை.

மூன்றையும் மண்ணோடு பெயர்த்து, முந்தானையில் ஏந்திக் கருவடிக்குப்பத்துக்குக் கொண்டுவந்து உடைந்த சட்டியில் வைத்தேன். மற்றச் செடிகளுக்குச் செய்வதையே இதற்கும் செய்தேன். அரிசி கழுவிய கழுநீர், ஒரு பிடி எரு. எங்கள் கத்திரி அதில்தான் கொழித்தது. இவற்றிலோ எட்டே நாளில் இரண்டு கறுத்து அழுகிப்போயின.

அப்புறம்தான் யோசித்தேன். அது பிறந்த இடத்தில் யார் எரு போட்டார்கள்? மண்ணில் ஒன்றும் கிடைக்காததால்தானே பூச்சி பிடிக்கிறது! திரும்பப் போய்ப் பார்த்தால், அந்த இடத்தை மாடுகள் மிதித்துச் சேறாக்கியிருந்தன. வேறு செடி ஒன்றுகூட இல்லை. அந்த மண்ணை மட்டும் அள்ளிவந்து, மிஞ்சிய ஒன்றை அதில் மாற்றினேன். குண்டானில் பிடித்த மழைத்தண்ணீர் தவிர வேறெதுவும் ஊற்றவில்லை. புது இலை விட்டது.

அடுத்த ஆபத்து என் கணவரின் அண்ணியான ஓரகத்தியிடமிருந்து வந்தது. அவர் கை தாராளமான கை. வீட்டுக்கு வந்த யாரையும் பசியோடு அனுப்பியதில்லை. செடி எறும்பு தின்பதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னா புள்ள, செடியே கவிச்சி கேக்குதா? சனிக்கிழமையானா எங்கொழுந்தனாரு மீனத் தொட மாட்டாரு. அவரு பங்க இதுக்குப் போட்டுடலாம்!"

விளையாட்டுக்குச் சொன்னார் என்று இருந்தேன். மறுநாள் ஒரு இலையில் நெத்திலித் துண்டு இருந்தது. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் கருவாட்டுத் தூள், முட்டைத் துணுக்கு என்று கொண்டுவந்து போட்டார்கள். மூன்று இலை பூசணம் பூத்துக் கறுத்தது. இன்னும் இரண்டு நாள் போனால் செடியே இருக்காது என்று தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. சோறு போதும் என்பதைக்கூடத் தட்டின்மேல் கையை வைத்துத்தான் அவருக்குச் சொல்வேன்.

சனிக்கிழமை இறால் தலையோடு வந்து குனிந்தார்.

"வேணாங்கக்கா."

"இன்னா?"

"போடாதீங்க. அது தானா புடிச்சிக்கும். நாம போட்டா செத்துடும்."

அவர் நீட்டிய கையோடு அப்படியே நின்றார்.

"அடியே! உனக்கு வாயி இருக்குதா!"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"சோறு போட்டா சாவுற ஜீவன இப்பதான் பாக்குறேன். செரி, அதுவா எப்பிடித்தான் தின்னுது, காட்டு."

இரண்டு பேரும் குந்தினோம். வெகுநேரம் கழித்து ஒரு குட்டிப் பூச்சி வந்து ஒட்டியது. முடிகள் சாய்ந்தன. அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பிறகு யாராவது எதையாவது எடுத்துக்கொண்டு சட்டியை நெருங்கினால் அடுப்படியிலிருந்தே அதட்டுவார்: "கையக் கட்டிக்கினு பாரு! அது நம்ம சோத்துக்கு ஏங்கல!" நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை.

தை பிறந்ததும் நூல்போல் ஒரு தண்டு எழும்பி, அதில் வெள்ளையாக ஒரு சின்னப் பூ விரிந்தது. முதலில் பார்த்தது அக்காதான். மாவுக் கையோடு ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனார்.