மீதி ஒண்ணு வரணும்

சென்ற வாரம் எங்கள் வீட்டில் ஒரு எண் தோற்றுப் போனது.

மகள் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். ஏதோ ஒரு ராட்சச எண். எழுதினால் பல லட்சம் இலக்கம் வருமாம். அது பகா எண்ணாக — தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணாக — இருக்கும் என்று நம்பி, லேப்டாப்பை நாள் கணக்கில் ஓடவிட்டிருந்தாள். பக்கத்தில் போனாலே அனல். சனிக்கிழமை காலை நான் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போச்சுப்பா. பகு எண்ணு."

"அப்போ எதால வகுபடுது?"

"தெரியாது."

"மிஷினுக்கு?"

"அதுக்கும் தெரியாதுப்பா. யாருக்குமே தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் வகுக்கத் தெரியும். எதால் உடையும் என்று தெரியாமல், உடையும் என்று மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?

அவள் காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தாள்.

"ஏழுன்ற எண்ணை எடுத்துக்கோ. ஒண்ணு கம்மி பண்ணா ஆறு. ஆறு தடவை ரெண்டைப் போட்டுப் பெருக்கு."

"அறுபத்திநாலு."

"ஏழால வகு."

மீதி ஒன்று. அடுத்து ஒன்பது. எட்டு இரண்டுகளைப் பெருக்கினேன்... இருநூற்று ஐம்பத்தாறு. ஒன்பதால் வகுத்தால் மீதி நான்கு.

"பாத்தியா? ரெண்டைத் தவிர எந்தப் பகா எண்ணுக்கும் மீதி ஒண்ணு வந்தே ஆவணும். வந்துட்டாலும் சில சமயம் ஏமாத்தும். ஆனா வரலன்னா சந்தேகமே இல்ல. உடையுற எண்ணுதான்."

"எங்க உடையுதுன்னு கண்டுபிடிக்க முடியாதா?"

"தேடிக்கினே இருக்கலாம்பா. ஆயுசு பத்தாது."

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குத் தம்பி ஞாபகம் வந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் தம்பிக்குத் தள்ளுவண்டி டிபன் கடை. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களை இறக்கிவிட்டு அந்த வழியாகத் திரும்பும்போது ஹாரன் அடிப்பேன். அவன் தோசைக் கரண்டியைத் தூக்கிக் காட்டி, "ண்ணா, சாப்ட்டு போ!" என்பான். வருடக்கணக்காக எங்கள் பேச்சே அவ்வளவுதான். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

கொஞ்ச காலமாக, ஹாரன் அடித்தால் கரண்டி எழுவதில்லை. அவன் தோசைக்கல்லையே பார்க்கிறான்.

சொத்துத் தகராறா? சொத்து இருந்தால்தானே! வாய்ச்சண்டையா? வாயே திறக்காத எனக்கு ஏது சண்டை? அவன் பிள்ளையின் காதுகுத்தில் பந்திக்கு உட்காராமல் சவாரிக்கு ஓடினேனே, அதுவா? ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துப் பார்க்கிறேன். எதுவும் சரியாகப் போகவில்லை. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார்... இல்லையா?

மகளிடம் சொன்னேன்.

"எண்ணு வாயைத் தொறந்து சொல்லாதுப்பா. சித்தப்பா சொல்லுவாரு இல்ல? கேளுப்பா."

முகம் பார்த்துக் கேட்கிற ஆள் இல்லை நான். ஆனாலும் அன்று ஹாரன் அடிக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன். கடையில் கூட்டமில்லை. தம்பி சட்னி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா... எம்மேல ஏதாவது கோவமா?"

அவன் நிமிரவில்லை. கல்லில் தண்ணீர் தெளித்தான். சுர்ரென்றது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணா."

"நான் இன்னா பண்ணேன்னு சொன்னா..."

"அதான் ஒண்ணுமில்லன்றேன்ல? கஸ்டமர் வர்ற நேரம். வண்டியை எடுண்ணா."

எடுத்தேன்.

வீட்டு வாசலிலேயே மகள் பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா இன்னாப்பா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லன்னான்."

கணிதம் படிக்கிறவள். மேற்கொண்டு கேட்கவில்லை.