வடக்குப் பிரபுக்களும் பாபநாசம் மறியலும்

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த கருத்தரங்கத் தலைப்பு, பதினாறாம் நூற்றாண்டின் டியூடர் வம்ச ராணி ஒருத்திக்கு எதிராக வட இங்கிலாந்துப் பிரபுக்கள் இரண்டு பேர் நடத்திய கிளர்ச்சி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதனால் எதைப் படித்தாலும் அப்பாவிடம் சொல்லிக்காட்ட வேண்டும். காலையில் பழையசோறு சாப்பிட்டபடி கேட்பார்.

"எத்தனை வேலி நிலம் வச்சிருந்தானுங்க?"

"வேலிக் கணக்கு புத்தகத்துல இல்லப்பா. மாவட்டம் மாவட்டமா வச்சிருந்தாங்க. ராணி மதத்தை மாத்துனது பிடிக்காம, குத்தகைக்காரங்களைத் திரட்டிக்கிட்டுக் கிளம்புனாங்க. படை வருதுன்னதும் ரெண்டு பேரும் ஸ்காட்லாந்துக்கு ஓடிட்டாங்க."

"குத்தகைக்காரன்?"

"ஊருக்கு இத்தனை பேர்னு தூக்குல போட்டாங்க."

அப்பா மோர்மிளகாயைக் கடித்தார். "அவன் எதுக்குப் போனான்?"

"பக்தின்னு போட்டிருக்கு."

"போடுவான்."

அன்று ஆற்றில் தண்ணீர் விடச் சொல்லி பாபநாசத்தில் சாலை மறியல். தலைமை எங்கள் மிராசுதார். நாங்கள் உழும் ஒன்பது மா நிலம் அவருடையது. காகிதம் கிடையாது, வாய்ப்பேச்சுக் குத்தகைதான். மறியலுக்கு வராவிட்டால் நிலம் போய்விடும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. போன வருஷம் வராத ஒருவரின் நிலத்தை இந்த வருஷம் வேறொருவர் உழுகிறார், அவ்வளவுதான்.

"போகாதீங்கப்பா, கேஸ் போடுவாங்க."

"இங்க என்ன உன் ராணியாடா ஆளுறா?" என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

மிராசுதார் காரில் வந்து முதல் கோஷத்தைப் போட்டார். போலீஸ் வேன் வந்ததும் போனைக் காதில் வைத்தார். "சம்பந்தி வீட்டுலேர்ந்து பேசுறாங்க. யாரும் எந்திரிக்காதீங்கப்பா, இதோ வந்துடுறேன்." வடக்கே போயிருந்தால் என் கட்டுரைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். கார் கும்பகோணம் பக்கம் போனது.

அப்பாவோடு முப்பது பேரைக் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். மறியலில் கைதானால் எங்கள் பக்கம் அதுதான் சிறை. சாம்பார் சாதம் போட்டு சாயங்காலம் விட்டுவிடுவார்கள். தெரிந்தும் நான் வாசலைவிட்டு நகரவில்லை. நான் படித்த கிளர்ச்சியில் யாரையும் சாயங்காலம் விடவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "மண்டபமா? நல்ல வேட்டியா கட்டிட்டுப் போயிருக்கலாம்ல" என்றாள்.

ஐந்தரை மணிக்கு ஒரு நிருபர் கேமராவோடு வந்தார். பின்னாலேயே கார் வந்தது. மிராசுதார் இறங்கி, சமையல்கட்டு வழியாக உள்ளே போய், எல்லோரோடும் முன்வாசல் வழியாக விடுதலையானார். சட்டை கசங்கவில்லை.

"பக்கத்துல வந்து நில்லுப்பா, போட்டோ எடுக்கிறாங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

"வாங்கப்பா, பஸ் வந்துடும்" என்றேன்.

"இருடா" என்றார் அப்பா. பிறகு அவரைப் பார்த்து, நின்ற இடத்திலிருந்தே சத்தமாக, "ஐயா, சம்பா விதைப்பு நெருங்கிடுச்சு. நம்ம ஒன்பது மா..."

"நீதானப்பா பண்ணப்போற? வேற யாரு?" என்றார் மிராசுதார், கேமராவைப் பார்த்தபடி.

அந்த வார்த்தையை நிருபர் கேட்டார். வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் கேட்டார். முப்பது பேரும் கேட்டார்கள். காகிதம் இல்லாத குத்தகைக்கு இதற்கு மேல் பத்திரம் கிடையாது. அப்பா மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, போய் அவர் பக்கத்தில் நின்றார்.