சுவரைப் பார்த்து நின்ற சக்கரவர்த்திகள்

என் கணவர் எதையும் சட்டென்று தேர்ந்தெடுத்ததாகச் சரித்திரம் இல்லை. மாதுங்கா மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய் பொறுக்க அரை மணி நேரம் நிற்பார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "சாஹேப் காய்க்கு ஜாதகம் பார்க்கிறாரா, பாபி?" என்று காய்க்காரன் ஒரு நாள் இந்தியில் என்னைக் கேட்டே விட்டான். என்னைப் பெண் பார்க்க வந்தபோது மட்டும் அன்றைக்கே எப்படிச் சரி என்றார் என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. முலுண்டில் இருக்கும் அவருடைய அக்காதான் முடிவு செய்தார் என்று பிறகு தெரிந்தது.

இப்படிப்பட்ட மனிதர், அணுசக்தி நகர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, பழைய ரோமாபுரிக் காசுகளைச் சேர்க்கக் கிளம்பினார். ஊரில் மற்றவர்கள் ஓய்வு பெற்றால் காலையில் வாக்கிங் போகிறார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுகிறார்கள். இவருக்கு ரோமாபுரி. மாதுங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் ஒரு நாணயச் சங்கத்தில் உறுப்பினராகவும் ஆனார். அதன் தலைவர் முதல் நாளே இவரிடம் சொன்னாராம்: "தீம் இல்லாத சேகரிப்பு சேகரிப்பே இல்லை சார், வெறும் சில்லறை." தீம் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் வருஷக் கண்காட்சியில் கண்ணாடி மேஜை. மற்றவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தீம் பிடித்து ஆட்டியது. முதலில் 'தாடி வைத்த சக்கரவர்த்திகள்'. கனமான ஆல்பம் ஒன்று வாங்கி, முத்து முத்தான கையெழுத்தில் தலைப்பு ஒட்டினார். நாலைந்து காசு சேர்ந்ததும், இன்னார் வைத்திருப்பது தாடியா, இரண்டு நாள் சவரம் செய்யாததா என்று சந்தேகம் வந்துவிட்டது. அடுத்து 'ஒரு வருஷம்கூட ஆளாதவர்கள்'. ஆளாதவர்கள் காசு அடித்திருந்தால்தானே கிடைக்கும்? அதற்குப் பிறகு மிருகங்கள். இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய் ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் அதைத் தெருநாய் என்றார்கள், மனம் உடைந்து போனார். நாலாவது, 'நம் கடற்கரைக்கு வந்த காசுகள்'. எந்தக் காசு எந்தக் கரைக்கு வந்தது என்று காசா சொல்லும்? ஐந்தாவது ஆல்பத்துக்கு அவர் வைத்த தலைப்பு 'இதர'.

"நீங்க காசு சேக்கறேளா, ஆல்பம் சேக்கறேளா?" என்று கேட்டேன்.

"உனக்கு அவசரம். இதெல்லாம் ரெண்டாயிரம் வருஷம் காத்துண்டிருந்த காசு," என்றார்.

"அதுகள் காத்துண்டிருக்கும். நான் தூசி தட்டணுமே?"

இந்த லட்சணத்தில் செம்பூரில் எங்கள் கட்டடம் இடித்துக் கட்டுகிற ரீடெவலப்மென்ட்டுக்குப் போனது. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு ரூம்-கிச்சன் வாடகைக்குப் பிடித்து ஒண்டிக்கொண்டோம். அதில் கட்டிலைப் போட்டால் மேஜை இல்லை, மேஜையைப் போட்டால் மனுஷன் இல்லை. மிச்சச் சாமான்கள் ஐரோலியில் என் தம்பி பார்த்துக் கொடுத்த ஒரு கோடவுனுக்குப் போயின. என் கொலு பொம்மைகளும் அவற்றோடு போயின. மரப்பாச்சி ஜோடியை மட்டும் கைப்பையில் வைத்து என்னோடு கொண்டுவந்தேன். அவருடைய ஐந்து ஆல்பங்களும் காசு டப்பாவும் அவரோடு வந்தன.

நவராத்திரி நெருங்கியதும் ஐரோலிக்குப் போய் நின்றேன். கோடவுன்காரர் நல்ல மனிதர்தான். ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, டீயும் வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: உங்கள் பெட்டிகள் கடைசி வரிசையில் இருக்கின்றன, அவற்றை எடுக்க வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் நாலு குடும்பங்களின் பீரோ, ஃப்ரிட்ஜ், கட்டில் எல்லாவற்றையும் தெருவில் இறக்க வேண்டும், தீவாலிக்கு அப்புறம் பார்க்கலாம் மேடம். தீவாலிக்கு அப்புறம் பொம்மைகளை எடுத்து நான் பட்டாசாகவா வெடிப்பேன்?

கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு நவராத்திரிகூட நான் கொலுவை விட்டதில்லை. மழைத்தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த வருஷம், சுவரில் ஈரம் காயாதபோதே படி கட்டினேன். கொரோனா வருஷத்தில் நானே வைத்து, நானே பாடி, சுண்டலையும் நானே தின்றேன். வைத்துக்கொண்டு வந்த கொலுவை நடுவில் விட்டால் நல்லதல்ல என்பார்கள். அந்தப் பயம் எனக்கு உண்டு, மறைப்பானேன்? அதைவிடப் பெரிய பயம் முலுண்டில் இருந்தது.

ஐரோலியிலிருந்து நான் திரும்பிய அன்று மாலையே, என் கணவர் சொல்லி விஷயம் தெரிந்து, முலுண்டு அக்கா போன் செய்தார். "கவலைப்படாதேடி. இந்த வருஷம் எங்காத்துக் கொலுவையே உன் கொலுவா நெனச்சுக்கோ. கீழ்ப்படில ஒரு ஓரம் ஒனக்குன்னு விட்டு வெக்கறேன்."

அவர் பிரியமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அக்காவுடைய கொலு ஹாலையே அடைத்துக்கொண்டு நிற்கும். பார்க் உண்டு, தெப்பக்குளம் உண்டு, ஓடுகிற ரயில்கூட உண்டு. அதன் கீழ்ப்படி ஓரத்தில் என் மரப்பாச்சிகள் கெஸ்டாகப் போய் நிற்பதா? "இல்லக்கா, நான் இங்கேயே வெக்கறேன். நீங்க வெத்தலை பாக்குக்கு வந்துடுங்கோ," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். எதை எங்கே வைக்கப் போகிறேன்?

பித்தளை விளக்கைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். ஐந்து ஆல்பங்களும் அங்கே அடுக்கியிருந்தன. படிகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும், ஐந்து ஒற்றைப்படை. சுவர் அலமாரியின் நடுத்தட்டைக் காலி செய்து, ஆல்பங்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளி அடுக்கி, பின்னால் சரியாமல் இருக்கப் போர்வையை மடித்து முட்டுக் கொடுத்தேன். மேலே அவருடைய அங்கவஸ்திரத்தை விரித்ததும் கொலுப்படி வந்துவிட்டது. உச்சியில் மரப்பாச்சி. ஆனால் ஒரு படியின் அகலம் இரண்டு விரல்கூட இல்லை. கடையில் இருக்கும் மிகச் சின்ன பொம்மைகூட அதில் நிற்காது, குப்புற விழும். அவ்வளவு ஒல்லியாக வீட்டில் என்ன இருக்கிறது?

காய்கறிப் பையோடு உள்ளே வந்தவர் காசு டப்பா திறந்திருப்பதைப் பார்த்தார். காசுகள் ஒவ்வொன்றும் வட்டமான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். அவற்றை நான் துணி கிளிப்பில் மாட்டிப் படியில் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

"என்ன பண்றே? துணி கிளிப்பா? சக்கரவர்த்திகளை?"

"கீழ விழாம இருக்கணுமே."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "இதுக்கு ஒரு முறை இருக்கு. கால வரிசைப்படி வெக்கணும்," என்று முனகிக்கொண்டே, வேறு வழியில்லாமல் அவரும் உட்கார்ந்து அடுக்கினார். அடுக்கி முடித்ததும் இருவரும் எட்ட நின்று பார்த்தோம். மூக்கும் முழியுமாக இத்தனை ஆண்கள், எல்லோரும் கடுகடு என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இது கொலுவா? பில்டிங் சொசைட்டி மீட்டிங் மாதிரி இருக்கு," என்றேன். நவராத்திரி அம்பாளுடையது. மெயின்டனன்ஸ் பாக்கி கேட்கிற மூஞ்சிகளை வைத்து எப்படி ஆரத்தி எடுப்பது? வந்த கோபத்தில் ஒரு காசைப் பின்பக்கமாகத் திருப்பினேன். அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அடுத்ததைத் திருப்பினேன். இன்னொரு பெண். இத்தனை வருஷமாக இவர் முன்பக்கத்தையே பார்த்துத் தாடியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். ஏறக்குறைய ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு பெண்பிள்ளை கையில் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவருக்கு இது தோன்றவில்லை பாருங்கள். மடமடவென்று எல்லாவற்றையும் திருப்பி வைத்தேன். சக்கரவர்த்திகள் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"அது ரிவர்ஸ் சைடு," என்றார் ஈன சுரத்தில்.

"இருக்கட்டும். இப்பதான் கொலு."

அக்கா ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். கையில் பெரிய பை. உள்ளே பிளாஸ்டிக் பழங்களும் இரண்டு கிளிகளும். "படி காலியா இருக்குமேன்னு கொண்டு வந்தேன்," என்றார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அலமாரிக்குள் தலையை நீட்டினார். வெகுநேரம் தலை வெளியே வரவில்லை. என் கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இவ வந்து அக்கா, ரோமாபுரில நாணயத் தரத்தைக் குறிக்கற தேவதை, எந்த வருஷம்னா..." என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மா இருடா," என்றார் அக்கா. "தராசு வெச்சுண்டிருக்கா. இவ செட்டிச்சி. செட்டியார் எங்கடி? கடை வெச்சா ஜோடியா வெக்கணும்."

அதற்குப் பிறகு நானும் அக்காவும்தான் பேசினோம். பாம்புக்குக் கிண்ணத்தில் ஏதோ ஊட்டுகிறவள் நாகாத்தம்மன். கதிரும் மரக்காலும் வைத்திருப்பவள் அன்னபூரணி. தூணில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து நின்றவளை இருவருமாக யோசித்துப் பார்த்தோம். "ஸ்லோ லோக்கல் ட்ரெயினுக்குக் காத்துண்டிருக்கா," என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். கடைசிப் படியில், ஒரு கையில் பூவும் மறு கையில் லேசாகத் தூக்கிப் பிடித்த பாவாடை நுனியுமாக ஒருத்தி அடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ பேரு நம்பிக்கை," என்றார் என் கணவர், யாராவது கேட்டுவிடமாட்டார்களா என்று.

"எனக்குத் தெரியாதா இவள? செம்பூர் ஸ்டேஷன் ரோட்ல மழைத்தண்ணி தாண்டறா," என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தவர், சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்தார். வீடு விட்டு வந்த என் அலுப்பெல்லாம் முகத்தில் தெரிந்ததோ என்னவோ, சிமிழைத் திறந்து எனக்குக் குங்குமம் இட்டார். அதே விரலால் அந்தக் காசின் கூட்டிலும் ஒரு பொட்டு வைத்தார். என் கணவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். கூட்டில் கைரேகை பட்டாலே கூட்டை மாற்றுகிறவர் அவர்.

பழங்களும் கிளிகளும் பையை விட்டு வெளியே வரவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது அக்கா, "அடுத்த வருஷம் அந்தத் தண்ணி தாண்டறவள மட்டும் எங்காத்துக் கொலுவுக்குத் தாயேன்," என்றார். "இங்கேயே வந்து பாத்துட்டுப் போங்கோக்கா," என்றேன். அன்றைக்குச் சுண்டல் எனக்கு அப்படி ருசித்தது.

விஜயதசமி சாயங்காலம் ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிக்க வேண்டும். எதைப் படுக்க வைப்பது என்று நான் யோசிக்கும்போதே என் கணவர் கையை நீட்டி, அந்தக் கடைசிப் படிக்காரியைக் கிளிப்பிலிருந்து எடுத்து மெதுவாகக் கிடத்தினார். "படுத்துக்கட்டும். எத்தனை நாழி காலைத் தூக்கிண்டே நிப்பா," என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

கண்காட்சியில் அவருக்கு மேஜை கிடைத்தது. ஐந்து படிகளையும் அப்படியே கட்டி, எல்லாப் பெண்களையும் நிறுத்தி, 'எங்காத்துக் கொலு' என்று முத்து முத்தாக எழுதி வைத்தார். சங்கத் தலைவர் லென்ஸோடு ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்து, எங்கள் மேஜையில் குனிந்து நின்றார்.

"எல்லாம் நன்னா இருக்கு. இந்தக் கடைசிக் கூட்டுல மட்டும் ஏதோ செகப்பா கறை. தொடச்சுடுங்கோ சார்."

"அதைத் தொடச்சா தீம் போயிடும்," என்றார் என் கணவர். கால் கிலோ கத்தரிக்காய்க்கு அரை மணி நேரம் நிற்கிற மனிதர், இதை ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார்.