பொன்செல்வியின் தட்டான் தொட்டி

சங்கரன்கோவிலில் கழுகுமலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் பொன்செல்வியின் வீடு. பகலெல்லாம் முன்னறையில் உட்கார்ந்து பிளவுஸ் தைப்பாள். கணவன் மகாராஜன் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவருமே ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார்கள்.

தட்டானைப் படம் எடுக்கிற பழக்கம் அவளுக்குத் தற்செயலாக வந்தது. புறவாசலில் துணி காயப்போடப் போனபோது கொடிக்கம்பியில் சிவப்புத் தட்டான் ஒன்று உட்கார்ந்திருந்தது. சும்மா போனை நீட்டி எடுத்தாள். ராத்திரி மகாராஜன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நெசமாவே நீ எடுத்ததா?" என்று கேட்டான். அடுத்த வாரம் போன் கேமராவின் மேல் மாட்டுகிற சின்ன லென்ஸ் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தான்.

அந்த லென்ஸில் படம் தெளிய வேண்டுமானால் தட்டானுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் போனைப் பிடிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அது கிட்டவே விடாது. விடிந்த கையோடு போனால், இறக்கையெல்லாம் பனி பூத்து, குளிரில் அசையாமல் தொங்கும். முழங்காலை ஈரமண்ணில் ஊன்றி, தன் நிழல் அதன்மேல் விழாமல் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனை நகர்த்துவாள். திரையில் கண் பெரிதாகிக்கொண்டே வரும். தேன்கூட்டை நுணுக்கி வைத்தது போல அத்தனை கட்டம். காலில் முள்முள்ளாய் ரோமம். அந்த நேரத்தில் வேறு எதுவும் அவள் நினைவில் இருக்காது. அதற்காகவே போனாள் என்றும் சொல்லலாம்.

அவளுடைய ஆர்வத்தைப் பார்த்து மகாராஜன் ஒரு சிமெண்டுத் தொட்டியைக் கொண்டுவந்து முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் பாதி புதைத்தான். அல்லியும் கோரையும் வைத்தார்கள். தட்டான்கள் வந்து வாலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிட்டன. தண்ணீருக்குள் வளர்கிற குஞ்சுகள் பார்க்க அழகாக இருக்காது. சேற்று நிறத்தில், ஆறு காலோடு, எட்டுக்கால் பூச்சி மாதிரி அடியில் கிடக்கும். ஒருநாள் கோரைத்தண்டில் ஏறி, முதுகு வெடித்து, தட்டானாக வெளியே வரும். அதைப் படம் எடுக்க வேண்டும் என்பதுதான் பொன்செல்வியின் ஆசை. ஒவ்வொரு தடவையும் அவள் போவதற்குள் குஞ்சு உரித்துப்போட்ட வெறும் தோடு மட்டும் தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நகராட்சியிலிருந்து வாராவாரம் கொசுப்புழு பார்க்க வருகிற ரிஸானா தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாள்.

"இப்ப ஒண்ணுமில்லக்கா. ஆனா நாலு கப்பி மீன வாங்கி விட்டுருங்க. புழு வந்தாலும் தின்னுரும்."

"தட்டான் குஞ்சே கொசுப்புழுவத் தின்னுரும் ரிஸானா. மீன விட்டா குஞ்சையும்லா தின்னுரும்?"

"எல்லாப் புழுவையும் தின்னுரும்னு சொல்ல முடியாதுக்கா."

"நான் தெனம் பாக்கேன்ல" என்றாள் பொன்செல்வி. ரிஸானா மேலே வற்புறுத்தவில்லை.

கார்த்திகை மாத மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தபோது மகாராஜனுக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றான். எலும்பெல்லாம் நொறுங்குகிற மாதிரி இருக்கிறது என்றான். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டெங்கு என்றார் டாக்டர்.

"கஞ்சி, இளநீ, உப்பு சர்க்கரைத் தண்ணி, நெறைய குடுங்க. காய்ச்சல் விட்ட பெறகுதான் கவனமாப் பாக்கணும். வயித்து வலி, வாந்தி வந்தா உடனே திருநெல்வேலிக்குப் போயிரணும்."

பொன்செல்வி இரவு பகலாக ஈரத்துணி வைத்தாள். ஒருநாள் விடிகாலையில் தொட்டுப் பார்த்தால் நெற்றி குளிர்ந்திருந்தது. அவன் கண் மூடிக் கிடந்தான். நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்தாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிற்று. முகம் கழுவப் புறவாசலுக்குப் போனாள்.

கோரைத்தண்டில் ஒரு குஞ்சு ஏறியிருந்தது. அதன் முதுகு அப்போதுதான் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

உள்ளே ஓடி போனை எடுத்தாள். மகாராஜன் அசையவில்லை. திரும்பி வந்து மண்டியிட்டாள். முதலில் தலை வந்தது, பிறகு கால்கள். உடம்பு பின்பக்கமாகச் சாய்ந்து நெடுநேரம் அப்படியே தொங்கியது. செத்துவிட்டதோ என்று பயந்தாள். பிறகு எம்பித் தன் தோட்டையே பிடித்துக்கொண்டு வாலை உருவியது. கசங்கிய இறக்கைகள் மெள்ள மெள்ள விரிந்து, முதலில் பால் நிறமாகி, பிறகு கண்ணாடியாகத் தெளிந்தன. நடுவில் ஒருமுறை வீட்டுக்குள்ளிருந்து ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுச் சத்தம் என்று நினைத்தாள். நினைத்தாளா, அப்படி நினைக்க விரும்பினாளா என்பது பிறகு அவளுக்கே தெரியவில்லை.

வெயில் முருங்கைக்கு மேல் வந்தபோதுதான் உள்ளே போனாள். குளியலறை வாசலில் வாந்திக்குப் பக்கத்தில் மகாராஜன் விழுந்து கிடந்தான். கை, கால் எல்லாம் ஐஸ் மாதிரி இருந்தன. உதடு அசைந்தது, பேச்சு வரவில்லை.

ஆம்புலன்ஸ் திருநெல்வேலிக்குப் போகிற வழியெல்லாம் அவன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். பிளேட்லெட் மிகவும் இறங்கிவிட்டது, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமேம்மா" என்றார் ஒரு டாக்டர். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மகாராஜனின் அக்கா தேன்மொழி சிவகிரியிலிருந்து மத்தியானமே வந்துவிட்டாள். கோயில் புற்றுமண்ணைத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். தம்பியின் நெற்றியில் பூச நர்ஸ்கள் விடவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே வராந்தாவில் உட்கார்ந்தாள். "வீட்டுக்குள்ளயே தண்ணியத் தேக்கி வச்சிருக்கியே. மொதல்ல பாத்த அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன். நீ வருத்தப்படுவன்னு விட்டுட்டேன்" என்றாள்.

"அதுல புழு கெடையாது மதினி. ரிஸானா வாராவாரம் பாத்துட்டுத்தான் போவா."

"பெறகு எங்கன இருந்து வந்துச்சு? எந்தம்பிய மட்டும் தேடிப் பறந்தா வந்துச்சு?"

பொன்செல்வி சுவரில் சாய்ந்து போனைத் திறந்தாள். அதில் ஆயிரக்கணக்கில் தட்டான் படம் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, தட்டானை விட்டுவிட்டு, அதன் பின்னால் தெரிகிற தண்ணீரைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நெளிகிற கோடு ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். இல்லை என்று ஒரு படம் சொன்னால், அடுத்த படம் என்ன சொல்லுமோ என்று அதையும் திறந்தாள். உள்ளேயிருந்து யாராவது வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள். வேறு யார் பெயரையாவது கூப்பிட்டார்கள் என்றால் மறுபடி உட்கார்ந்து தேடினாள்.

ஒரு படத்தில் அல்லி இலையின் ஓரத்தில் கொசு ஒன்று இருந்தது. டெங்குக் கொசுவுக்கு இருக்கிற மாதிரி காலில் வெள்ளை வரி. மழைக்கு முன்னால் எடுத்த படம். அன்றைக்கு அவள் கண் தட்டானின் கண்ணிலேயே இருந்ததால் கொசுவைக் கவனிக்கவில்லை. அது அந்தத் தண்ணீரில் பிறந்ததா, எங்கிருந்தோ வந்து உட்கார்ந்ததா, படத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சட்டென்று அதை அழித்தாள். தேன்மொழி பார்த்துவிட்டாளோ என்று திரும்பினாள். அவள் கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அழித்த படங்கள் கிடக்கிற இடத்துக்குப் போய் அதை மீட்டு எடுத்தாள். மறைத்தால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றிவிட்டது.

மறுநாள் காப்பீட்டு அட்டையும் மாற்றுத்துணியும் எடுக்க ஊருக்கு வர வேண்டியிருந்தது. பஸ்ஸில் வரும்போது எதுவும் யோசிக்கவில்லை. வீட்டைத் திறந்தவள் நேராகப் புறவாசலுக்குப் போனாள். தொட்டி பாதி புதைந்திருந்ததால் சாய்க்க முடியவில்லை. வாளியால் இறைத்தாள். வாளிக்கு எட்டாததைச் சொம்பால் மொண்டு மண்ணில் வீசினாள். அல்லியைக் கிழங்கோடு பிடுங்கினாள். கடைசியில் அடிச்சேற்றைக் கையால் அள்ளினாள். அதில் குஞ்சுகள் நெளிந்தன. எத்தனையோ விடிகாலைகளில் பார்த்துப் பார்த்துக் காத்திருந்த குஞ்சுகள் வெறும் மண்ணில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அதை விடுவதற்குத் தண்ணீர் இல்லை. சமையலறையில் ஒரு டம்ளரில் விட்டுவிடலாம் என்று இரண்டடி நடந்தாள். பிறகு நின்று அதையும் கீழே போட்டாள். அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

நகக்கண்ணில் சேற்றோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். தேன்மொழி அந்தக் கையைப் பார்த்தாள். "கழுவிட்டு வா. சாப்பாடு வாங்கி வச்சிருக்கேன்" என்றாள். அதற்குமேல் தொட்டியைப் பற்றி அவள் பேசவே இல்லை.

அன்று சாயங்காலம் மகாராஜனுக்கு இன்னும் மோசமானது. மூச்சுக்குக் கருவி வைத்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். பொன்செல்வி சாமியைக் கூடக் கும்பிடவில்லை. என்ன கேட்பது என்று தெரியவில்லை. குஞ்சுகளைக் கொன்றது போதுமா என்றுதான் கேட்கத் தோன்றியது. அப்படிக் கேட்கவும் பயமாக இருந்தது.

அவன் பிழைத்தான். எதனால் திரும்பினான் என்று அவளுக்கு யாரும் விளக்கவில்லை. மெதுவாக நீர் வற்றியது, மெதுவாக ரத்தம் தேறியது. வீட்டுக்கு வந்தபோது சட்டை தோளில் தொங்கியது. இரண்டு எட்டு நடந்தால் சுவரைப் பிடித்தான்.

ரிஸானா ஆட்களோடு வந்து வீடு முழுக்கத் தேடினாள். பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டில் புழு இருந்தது. அடுத்த வீட்டில் கிடந்த டயரிலும் இருந்தது. "தொட்டில இருந்துச்சான்னு சொல்லு" என்று பொன்செல்வி அவள் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"நீங்கதான் கொட்டிட்டீங்களேக்கா. இப்ப நான் எதப் பாத்துச் சொல்ல?" என்றாள் ரிஸானா.

ஒருநாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது பொன்செல்வி மகாராஜனிடம் கேட்டாள். "அன்னைக்குக் காலையில என்னையக் கூப்பிட்டீங்களா?"

அவன் கரண்டியைப் பார்த்தான். "ஞாபகம் இல்லட்டி."

"கூப்பிட்டிருந்தா சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஞாபகம் இல்லன்னு சொல்லுதேன்லா."

இரண்டாவது தடவை அவன் கொஞ்சம் வேகமாகச் சொன்னான். அவள் பிறகு கேட்கவில்லை. இரவில் பலமுறை எழுந்து அவன் உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பாள். அவன் விழித்திருந்தாலும் தூங்குகிற மாதிரியே கிடப்பான்.

தை பிறந்து வெயில் வந்தபோது, முருங்கை நிழலில் நிறுத்தியிருந்த மகாராஜனின் பைக்கின் பெட்ரோல் டேங்கில் ஒரு தட்டான் இறங்கி இறங்கி வாலால் தட்டிக்கொண்டிருந்தது. கறுப்பாக மின்னுகிற தகடு அதற்குத் தண்ணீராகத் தெரிந்திருக்க வேண்டும். சூடான இரும்பில் முட்டையை விட்டுவிட்டு மறுபடி எழும்பி மறுபடி இறங்கியது.

"செல்வி, போன எடுத்துட்டு வா" என்று ஜன்னலோரம் படுத்திருந்த மகாராஜன் கூப்பிட்டான்.

பொன்செல்வி வெளியே போனாள். கையில் போன் இல்லை. கொடியிலிருந்து பழைய சேலை ஒன்றை உருவி, பைக் முழுவதும் மூடுகிற மாதிரி போர்த்தி, காற்றில் விலகாதபடி முனைகளை முடிந்தாள். தட்டான் கொஞ்ச நேரம் அதன்மேல் சுற்றிவிட்டுச் சுவரைத் தாண்டிப் போனது.

உள்ளே வந்து அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"ஒண்ணும் சுடலட்டி" என்றான் அவன்.

கையை அவள் எடுக்கவில்லை.