அண்ணன் பதக்கத்தைத் தொலைக்கல

அண்ணன் எங்களை விட்டுப் போயி இன்னையோட வருஷம் ஒண்ணு முடியுது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில வாங்கியிருக்கிற சொந்தபந்தங்க எல்லாருக்கும் என் கும்பிடு. கட்டுரையைப் பாத்த அச்சுக்கூடத்துக்காரர், "சாவு மலர்ல இப்படியா பேசுற மாதிரி எழுதுவாங்க?"ன்னு கேட்டாரு. செந்தமிழ்ல எழுதினா என்னால சுலபமா பொய் சொல்ல முடியும். அந்தத் தொழில்லதான் கண்டியில சர்க்கார் கச்சேரியில இத்தனை வருஷமா சோறு தின்னுட்டு இருக்கேன். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாலே கச்சேரிப் பியூன்தானோன்னு எட்டிப் பாக்குறேன். ஏன்னு கடைசியில சொல்றேன்.

அண்ணன் பொறந்தது ராமநாதபுரத்துப் பக்கம், மழைக்கே வழி தெரியாத ஒரு ஊர்ல. எங்க சின்ன வயசுலயே அப்பா போயிட்டாரு. அண்ணன் மதராஸ் பட்டாளத்துல சேந்து, சம்பளத்தை அனுப்பி, என்னைப் பாதிரிமார் பள்ளிக்கூடத்துல படிக்க வச்சாரு. அவரு பர்மாவுல குண்டுக்கு நடுவுல நின்னப்ப நான் நிழல்ல உக்காந்து இங்கிலீஷ் படிச்சேன். எங்க ரெண்டு பேருக்குள்ள வேலையைப் பிரிச்சுக்கிட்ட விதம் அதுதான். கடைசி வரைக்கும் மாறல.

பதக்கம் பர்மாச் சண்டையில கெடைச்சது. அதைப் பத்தி உங்கள்ல பல பேருக்குத் தெரியாது. கும்பெனிக்காரங்க நம்ம நாட்டுச் சிப்பாய்களுக்குன்னே உண்டாக்கினது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு அது கெடையாது. வருஷக்கணக்கா வேலை பாத்தா குடுப்பாங்க, ஒழுங்கா நடந்தா குடுப்பாங்கங்கிற பதக்கமும் இல்ல. சண்டையில உசுரைப் பணயம் வச்சவனுக்கு மட்டும். அதுல மூணு படி உண்டு. அண்ணனோடது வெள்ளி நட்சத்திரம், நடுவுல நீல வட்டம், அதுல குறுக்கால ரெண்டு வாளு. என்ன செஞ்சு வாங்கினீங்கன்னு கேட்டா, "ஆத்துக்கு அந்தப் பக்கம் மூணு பேரு விழுந்து கெடந்தாங்க. தூக்கிட்டு வந்தேன்"னு சொல்லிட்டு வெத்திலையை மடிப்பாரு.

பட்டாளத்துல இருந்து வந்தப்ப ஊர்ல பஞ்சம். இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேத்த கங்காணியோட நாங்களும் கெளம்பினோம். மன்னார்ல இறங்கி காட்டுப் பாதையில நடக்கிறப்ப எனக்கு வாந்திபேதி கண்டுடுச்சு.

"விட்டுட்டு வாய்யா. நாளைக்கு நீயும் விழுவ"ன்னாரு கங்காணி.

"நீங்க போங்க. நாங்க பின்னால வர்றோம்"னாரு அண்ணன்.

நாலு நாள் என்னை முதுகுல சுமந்தாரு. மாத்தளைக்கு வர்றப்ப நான் கண்ணைத் தொறந்துட்டேன். பாதையோரத்துல ஒரு சின்ன மாரியம்மன் கோயில். அண்ணன் மடியில முடிஞ்சு வச்சிருந்த பதக்கத்தை எடுத்தாரு. வழியிலயே வேண்டிக்கிட்டிருக்காரு, தம்பி பொழைச்சா என்கிட்ட இருக்கிறதுலயே ஒசந்ததைப் போடுறேன்னு.

நான் அந்த நெலமையிலயும் வாயை அடக்கல. "அண்ணே, ஒரு தேங்காய் போதாதா?"

"உன் உசுரு ஒரு தேங்காயாடா?"ன்னு கேட்டுட்டு உண்டியல்ல போட்டுட்டாரு.

அப்புறம் அண்ணன் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துல காப்பி ஸ்டோருக்குக் காவக்காரர் ஆனாரு. அண்ணியைக் கட்டிக்கிட்டாரு. நான் கச்சேரியில துபாஷி ஆனேன். துரை சொல்றதைத் தமிழ்லயும், நம்ம ஆளு சொல்றதை இங்கிலீஷ்லயும் சொல்ற வேலை.

ஒரு வருஷம் பெரிய தளபதி ஒருத்தர் கண்டிக்கு வந்தாரு. பதக்கம் வாங்கின பழைய சிப்பாய்ங்க எல்லாரும் பதக்கத்தோட வந்து நிக்கணும்னு உத்தரவு. அவங்க உக்கார முன்வரிசையில கதிரை. பேர்ப் புத்தகத்துல அண்ணன் பேரு இருந்துச்சு. நெஞ்சுல பதக்கம் இல்லாம வந்து நின்னாரு. தளபதி பக்கத்துல துபாஷியா நின்னது நான்தான்.

"பதக்கம் எங்கே?"ன்னு கேட்டாரு. நான் தமிழ்ல கேட்டேன்.

"என் தம்பி பொழைக்கணும்னு அம்மனுக்குக் குடுத்துட்டேன்னு சொல்லு"ன்னாரு அண்ணன்.

அந்தத் தளபதி ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற கறாரான துரை. சர்க்கார் குடுத்த பதக்கத்தை மாரியம்மன் உண்டியல்ல போட்டோம்னு சொன்னா என்ன ஆகும்? அண்ணனைப் புடிச்சு உள்ள வைப்பாங்களோ? அந்தத் தம்பி யாருன்னு கேட்டா நான் எங்க போய் நிப்பேன்? "தொலைச்சிட்டாராம்"னு இங்கிலீஷ்ல சொல்லிட்டேன்.

தளபதி சிரிச்சாரு. "இவனுங்க எல்லாம் சாராயக் கடையிலதானே தொலைப்பானுங்க"ன்னு சொல்லி, பேரை அடிக்கச் சொன்னாரு. நான் அண்ணன்கிட்டத் திரும்பி, "பரவாயில்லைன்னு சொல்றாரு"ன்னேன்.

அண்ணன் நிமிந்து சலாம் வச்சாரு. கதிரையில உக்காராம வெளிய வந்துட்டாரு.

குளக்கரையில நடக்கிறப்ப மெதுவாக் கேட்டாரு, "தொலைச்சிட்டேன்னா சொன்ன?"

"ஆமாண்ணே."

"சாராயக் கடையில தொலைச்சேன்னு அவரு சொன்னாரா?"

பதினஞ்சு வருஷம் பட்டாளத்துல இருந்தவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும்னு எனக்குத் தோணவே இல்ல.

"தெரிஞ்சும் ஏன்ணே சலாம் வச்சீங்க?"

"நீ சோறு திங்கிற எடம். அங்க நின்னு உன்னைப் பொய்யன்னு நான் எப்படிடா சொல்றது?"

வாழ்நாள்ல ஒரு சொட்டுச் சாராயம் தொடாத மனுஷன். ஆனா கல்யாண வீட்டுலயும் காதுகுத்துலயும் "பதக்கத்தைக் குடிச்ச சிப்பாய்"னு நம்ம ஆளுங்களே சொன்னீங்க. நான் சொல்றது கேக்குதா? சிலர் நான் சொல்லித்தான் சிரிச்சீங்க. கூட்டத்துல ஒரு சிரிப்புக்கு நான் எதையும் விப்பேன். அண்ணன் ஒரு தடவை கூட மறுக்கல.

போன வருஷம் காப்பிச் செடியெல்லாம் இலை கருகி நிக்கிறப்ப அண்ணனும் படுத்துட்டாரு. நெஞ்சுச்சளி, காய்ச்சல். நான் பக்கத்துல உக்காந்து, "அண்ணே, கச்சேரியில உண்மையைச் சொல்லிடுறேன்"னேன். "சாப்டியாடா?"ன்னு கேட்டாரு. அடுத்த நாள் அவரு இல்ல.

மழையில மாட்டு வண்டி கட்டிக்கிட்டு வந்த கம்பளை வைத்தியருக்கும், வண்டி குடுத்த முஸ்லிம் கடைக்கார நானாவுக்கும், ராவும் பகலும் கஞ்சி வச்சுக் குடுத்த தோட்டத்து லயத்து வீட்டுப் பொம்பளைங்களுக்கும், தன் வீட்டுச் சாவு மாதிரி வந்து நின்ன பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெரியவருக்கும், அண்ணனைத் தூக்கின நாலு பேருக்கும் எங்க குடும்பம் கடமைப்பட்டிருக்கு. அண்ணனைப் பத்தி இனிமே யாராவது அந்தக் கதையைச் சொன்னா, இந்தத் தாளை அவங்ககிட்டக் குடுங்க. அதுதான் நான் கேக்குற உதவி.

நடந்ததை நடந்தபடி எழுதி, தளபதிகிட்டப் பொய் சொன்னது துபாஷியாகிய நான்தான்னு கையெழுத்துப் போட்டு, அடிச்ச பேரைத் திரும்ப எழுதணும்னு கேட்டு ஒரு மனு தயார் பண்ணினேன். அண்ணிகிட்ட வாசிச்சுக் காட்டினேன்.

"வேலை போயிடுமே தம்பி"ன்னாங்க.

"போகும் அண்ணி."

"நாளைக்கே குடுங்க. ஆறப்போட்டா நீங்க குடுக்க மாட்டீங்க"ன்னாங்க. என்னை நல்லாத் தெரிஞ்சவங்க.

மறுநாள் காலையிலயே குடுத்தேன். பெரிய கிளார்க் யாழ்ப்பாணத்து ஐயா, நல்லவர். முழுசா வாசிச்சாரு. கதவைச் சாத்திட்டு வந்து தாளை என் பக்கமாத் தள்ளினாரு. "துரை இன்னும் பாக்கேல்ல. இதை எடுத்துக்கொண்டு போம். நான் ஒண்டும் வாசிக்கேல்லை எண்டு வையும்."

என் கை மேசை வரைக்கும் போயிடுச்சு. பொய் சொல்ல மாட்டேன், தாளைத் தொட்டேன். கொஞ்சம் கோணலாக் கெடந்துச்சு. நேரா வச்சுட்டு வந்துட்டேன்.

துரை இன்னும் கூப்பிடல.