நாலரை யூனிட்டும் போடாத இலையும்

ரோட்டர்டாமில் ஆறு மணிக்குச் சாப்பாடு என்று சொன்னால் ஆறு மணிக்குத் தட்டில் உணவு இருக்கும். வந்த புதிதில் இந்தக் கறார் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறவளுக்கு இதைவிடச் சௌகரியமான ஊர் கிடையாது. ஊசி போட்டுக் கால் மணி நேரம் பொறுத்து, உடனே சாப்பிட்டாக வேண்டும்; தாமதித்தால் சர்க்கரை இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். இங்குள்ள நர்ஸ் மரிகே, அரை யூனிட் வரை திருகிக் கூட்டிக் குறைக்கும் பேனா ஒன்றைக் கொடுத்து, மதியத்துக்கு ஐந்து வேண்டாம், நாலரை போதும் என்று கண்டுபிடிப்பதற்குள் மூன்று வாரம் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டாள். ஊருக்குப் போகிறேன் என்றதும், "அங்கே சாப்பாடு சரியாக வருமா?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் போதும் போதும் என்றாலும் விடமாட்டார்கள் என்று பெருமையடித்தேன். அவள் கேட்டது நேரத்தை.

எங்கள் ஊர் மில்லர்புரத்தில் அண்ணன் கட்டிய புதுவீட்டுக்குப் பால்காய்ப்பு. மாடியில் இருந்த என்னை அண்ணன் மனைவி, மைனி, கீழிருந்து கூப்பிட்டாள்: "ஏளா, இலை போட்டாச்சு, சட்டுன்னு வா!" நாலரை யூனிட்டைக் குத்திக்கொண்டு இறங்கினேன். பந்தலில் வெறும் நாற்காலிகள். இலைக்கட்டு கயிறுகூட அவிழ்க்காமல் மூலையில் கிடந்தது.

"எப்பம் மைனி சாப்பாடு?"

"சாத்தான்குளம் பெரியப்பா வாராவல்லா, அவிய வந்ததும் பந்திதான்."

"எங்கன வாராவ?"

"இந்தா, வீட்டுல இருந்து கெளம்பிட்டாவ."

அரை மணி நேரம் ஆயிற்று. புதுச்சேலை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. சர்க்கரை இறங்குகிறது, இனிப்பாக எதையாவது கொடுங்கள் என்றேன். மைனி ஓடிப்போய்க் காப்பி கொண்டுவந்தாள்.

"ஒனக்குன்னே தனியா போட்டது. சீனி ஒரு பொட்டு கெடையாது."

"சீனிதான் மைனி வேணும்!"

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? சுகர வச்சுக்கிட்டு சீனியா கேக்கே?"

விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. வாசலுக்குப் போய், வருகிறவர்களுக்கு வைத்திருந்த தாம்பாளத்திலிருந்து கற்கண்டை இரண்டு கையாலும் அள்ளி வாயில் போட்டு நறநறவென்று கடித்தேன். வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அண்ணன் முகம் கறுத்துப்போயிற்று.

உடம்பு நிலைக்கு வந்ததும் மைனியைப் பிடித்துக் கத்தினேன். போடாத இலையைப் போட்டாச்சு என்று சொன்னால் ஆள் செத்துப்போவேன் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இலை போட்டாச்சுன்னா இலையா போட்டிருக்கும்? வந்து உக்காருன்னுதானே அர்த்தம்? இதுகூடத் தெரியாமலா நீ இங்கன பொறந்து வளந்தே?"

சின்ன வயதில் இலையில் சோறு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசியைத் தொடுவேன். யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை. ரோட்டர்டாமில் கழிந்த ஒன்பது வருஷத்தில் அது என்னை விட்டுப் போயிருக்கிறது. நானோ அரை யூனிட்டைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மைனி மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

திரும்பி வந்த வாரம் இங்கே அலுவலகத் தோழி ஒருத்தி வீட்டில் விருந்து. ஆறு மணிக்கு என்றாள். ஐந்தே முக்காலுக்குப் பேனாவை எடுத்தேன், கை போகவில்லை. தட்டில் உருளைக்கிழங்கு வந்து விழுந்த பிறகே குத்திக்கொண்டேன். அப்புறம் கால் மணி நேரம் பொறுக்க வேண்டுமே. விருந்தாளி தொடாமல் அவர்களும் தொடவில்லை. வீட்டிலிருந்த நான்கு பேரும் முள்கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்க, எல்லார் தட்டிலும் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.