சந்தியாகப்பர் புத்தகம்

இங்க பர்மாவுல, எங்க பபேடான் சந்து முனையில மீன்குழம்பு ஊத்தின மொஹிங்கா நூடுல்ஸ் விக்கிறாளே செலின், அவளைப் பாத்து "புருஷன் ஓடிப்போனவ"ன்னு யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அவன் எங்கய்யா ஓடினான்? அவனோட அம்மா மரியபுஷ்பம் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. அதுக்கு ஒரு பழம்புத்தகம் சாக்கு. நான் அவங்களுக்குக் கீழ்வீட்டுக்காரி, எல்லாம் என் கண்ணால பாத்தது.

செலின் கன்னியாஸ்திரீங்க மடத்துல வளர்ந்த அநாதை. மரியபுஷ்பத்தோட ஒரே மகன் லூர்துவைக் கட்டினா. எட்டாம் மாசமே பெண்ணைப் பெத்தா. குறைப்பிரசவம், பூனைக்குட்டி மாதிரி இருந்துச்சு. கிழவி விடுவாளா? "யாரு பிள்ளைடி இது?"ன்னு பச்சை உடம்புக்காரியை நிக்க வச்சுக் கேட்டா. லூர்து வாயில கொழுக்கட்டை.

அந்த வீட்டுப் பீடத்துல ஒரு புத்தகம் இருந்துச்சு. மரியபுஷ்பத்தோட மாமனார் ஒரு ஸ்பெயின் கப்பல்காரனுக்குச் சமைச்சுப் போட்டாராம், அவன் சாகும்போது குடுத்துட்டுப் போனது. ஆட்டுத்தோல் அட்டை, பூச்சி அரிச்ச தாள், முதல் பக்கத்துல குதிரை மேல வாளோட ஒரு வீரன் படம். அவங்க கும்பிடுற சந்தியாகப்பரும் குதிரையில வாளோட வர்றவர்தான், ஸ்பெயின்ல பெரிய அர்ச்சிஷ்டவராம். அப்புறம் என்ன, அவர் சரித்திரமேதான்னு முடிவு பண்ணிட்டாங்க. மெழுகுவர்த்தி ஏத்தினாங்க, காய்ச்சக்காரப் பிள்ளைங்க தலையில வச்சு ஜெபிச்சாங்க. அதுல ஒரு எழுத்து படிக்க ஒருத்தருக்கும் தெரியாது.

"அதுமேல கை வச்சுச் சொல்லு"ன்னா கிழவி. செலின் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு சொன்னா: "இது லூர்து பிள்ளை. பொய்யின்னா என் பிள்ளை என் கண்ணு முன்னாலயே சாகட்டும்." பெத்த வாயால எப்படித்தான் சொன்னாளோ! அந்தச் சத்தியத்தாலதான் அவளுக்கு அந்த வீட்டுல சோறு கிடைச்சுது.

அறுபத்தாறுல வெளிநாட்டுப் பாதிரிச் சாமியாருங்களையெல்லாம் பர்மா சர்க்கார் நாட்டை விட்டுப் போகச் சொல்லிடுச்சு. சொல்லிக்கிட்டுப் போக வந்தவங்கள்ல ஒருத்தர் ஸ்பெயின்காரர். புத்தகத்தைப் புரட்டினவர் சிரிச்சுட்டார். "அம்மா, இது அர்ச்சிஷ்டவர் சரித்திரம் இல்லை. ஒரு வீரன் இளவரசிக்காக அரக்கனோட சண்டை போடுற காதல் கதை. ஆனா நானூறு வருஷப் பழசு. இந்தப் பதிப்பு உலகத்துலயே ரெண்டு மூணுதான் மிஞ்சியிருக்கும், பத்திரமா வைங்க." பாவம், அவர் நல்லதைத்தான் சொன்னார்.

அவர் படி இறங்கலை, கிழவி ஆரம்பிச்சுட்டா. "காதல் கதை மேல அடிச்சதெல்லாம் சத்தியமா? அதான் இவ பிள்ளை சாகாம இருக்கு!" அடிப்பாவி, மூணு வயசுப் பிள்ளை உசிரோட இருக்கிறதே குத்தமாப் போச்சு. செலின் வேதாகமத்தைத் தூக்கிக்கிட்டு வந்தா. "மாமி, இதுமேல பண்றேன்." "உன் கை பட்டா இதுவும் கெட்டுப்போகும்"னு பிடுங்கிக்கிட்டா. அப்ப நம்ம தமிழ்ச்சனத்தைச் சொந்த ஊருக்குத் திருப்பி ஏத்திட்டுப் போன கப்பல்ல தனக்கும் மகனுக்கும் மட்டும் இடம் பிடிச்சா. லூர்து தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சட்டை மடிச்சான். நாசமாப் போறவன்!

கப்பல் கிளம்புற அன்னைக்குச் செலின் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினா, நானும் கூடவே ஓடினேன். கப்பல் ஏறுறவங்க நகை, பழம்பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது, மூட்டை மூட்டையா அவிழ்த்துப் பாப்பாங்க. கிழவி மூட்டையில பட்டுச்சேலைக்குள்ள சுத்தி அந்தப் புத்தகம் இருந்துச்சு. "பழம்பொருளா?"ன்னு பர்மாக்கார ஆபீசர் கேட்டார்.

மரியபுஷ்பம் அதுமேல கையை வச்சு, பர்மாப் பேச்சுல ஐயான்னு பணிஞ்சு சொன்னா. "எங்க சாமி புத்தகம் சயா. இதுமேல சத்தியம்." ஆபீசர் பயபக்தியா ரெண்டு கையாலயும் திருப்பிக் குடுத்தார்.

கம்பி வேலிக்கு இந்தப் பக்கத்துல செலின் கத்தினா. "மாமி! அப்ப நான் பண்ணின சத்தியம்?"

கிழவி திரும்பலை. லூர்து திரும்பினான். பிள்ளை "அப்பா"ன்னு ரெண்டு கையையும் நீட்டுச்சு. அதே நாடி, அதே காது, அவனை உரிச்சு வச்ச முகம். அவன் அம்மா கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, நெஞ்சோட அணைச்சுக்கிட்டுக் கப்பல் ஏறினான்.